மீட்பு என்று நான் சொன்னது

கனடாவின் மொன்றியலுக்கு வந்து, வேலையிலிருந்து ஓய்வும் எடுத்த பிறகு, இருநூறு வருசத்துக்கு முந்திய ஒரு கக்கூஸ் குழியின் மண்ணை அரிதட்டில் போட்டு அரித்தேன். ஒரு கோடை முழுக்க, சம்பளம் இல்லாமல். என் மகள் ஃபோனில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் அப்போது சிரித்துக்கொண்டுதான் அரித்தேன். ஏன் அரித்தேன் என்று நினைத்தால்தான் இப்போது சிரிப்பு வருவதில்லை.

எங்கள் கோயிலைக் காப்பாற்றத்தான் அரித்தேன்.

எங்கள் கோயில் என்பது வாய்ப் பழக்கம். உண்மையில் அது பிரெஞ்சுக்காரருடைய பழைய கல் கோயில். அவர்களுடைய பூசை காலையில். அதற்கு வருவது ஒரு கைப்பிடிக் கிழடுகள். எங்கள் தமிழ்ப் பூசை பின்னேரம். உட்காரும் வாங்குகளில் இடம் போதாமல் பெடியன்கள் வாசற்படியில் நிற்பார்கள். யாழ்ப்பாணம், மன்னார் என்று எங்கள் கத்தோலிக்கச் சனம் முழுக்க அங்கேதான். என் மகளின் கலியாணம் அந்தப் பீடத்தில் நடந்தது. என் கணவரின் சவப்பெட்டியும் அந்த நடுப்பாதையால்தான் வெளியே போனது. எல்லாவற்றையும்விட, கோட்-டெ-நெய்ஜில் என் அப்பார்ட்மென்டிலிருந்து அது ஒரே ஒரு பஸ். பனி கொட்டினாலும் ஒருவரையும் கெஞ்சாமல், ஒருவருடைய காருக்கும் காத்து நிற்காமல் நான் தனியாகப் போய்வரக்கூடிய இடம் இந்த நகரத்தில் அது ஒன்றுதான் மிச்சம்.

கொஞ்சக் காலமாக ஒரு கதை அடிபட்டது. கோயிலை விற்கப் போகிறார்களாம். இந்த ஊரில் அது புதினம் இல்லை. ஆள் வராத கோயிலை விற்பார்கள், வாங்கினவன் உள்ளே வீடு வீடாகப் பிரித்துக் கட்டுவான், பீடம் இருந்த இடத்தில் யாரோ ஒருவருடைய குளியலறை வரும். அந்தக் கதையைக் கேட்ட நாள் முதல் எனக்குச் சரியாக நித்திரை இல்லை.

இந்த இடத்தில் அக்காவைச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்த அக்கா இல்லை. மன்னார்ப் பக்கத்து ஆள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நாங்கள் இரண்டு பேரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே ஆஸ்பத்திரியின் உடுப்புக் கழுவும் பகுதியில் ஒரே மேசையில் படுக்கை விரிப்பு மடித்தோம். நான் ஒரு நுனி, அவர் மறு நுனி. அப்படித் தொடங்கிய பழக்கம், பிறகு ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பூசை காணும் பழக்கமானது. என் கணவர் செத்த அன்று என் தலையைச் சீவிவிட்டவர் அவர்தான். எழுதும்போது இப்போதும் ‘அவர்’ என்றுதான் வருகிறது. கோபத்தில் ‘அவள்’ என்று எழுதிப் பார்த்தேன்; கை கூசுகிறது.

அக்கா பங்குச் சபையில் இருந்தார். கோயில் காரியங்களைப் பங்குச் சுவாமியாரோடு சேர்ந்து தீர்மானிக்கிற சபை அது. மற்ற எல்லாரும் பிரெஞ்சுக்காரர். தமிழருக்கு என்று இருந்த ஒரே ஆள் அக்கா. ஆகவே கதை அடிபட்டதும் நான் முதலில் அவரைத்தான் கேட்டேன்.

“சனம் ஆயிரம் கதைக்கும் தங்கச்சி. நீ செபமாலையைச் சொல்லிப்போட்டுப் படு,” என்றார்.

நானும் அப்படியே செய்தேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

வைகாசியில் கோயில் கதவில் ஒரு பிரெஞ்சு அறிவித்தல் ஒட்டியிருந்தது. கோயிலுக்குப் பின்னால் கார் விடுகிற இடத்தைத் தோண்டப் போகிறார்கள். இங்கிலீஷ்காரர் இந்த நாட்டைக் கொலனியாக வைத்திருந்த காலத்தில் பங்கு நடத்திய ஏழை மடம் ஒன்று அந்தத் தாரின் கீழே இருக்கிறதாம். வீடு வாசல் இல்லாதவர்களும், நோயாளிகளும், கைவிடப்பட்ட விதவைகளும் தங்கிய இடம். மண் அரிக்கவும் எடுபடுகிற சாமான்களைக் கழுவவும் பங்கு மக்களில் விருப்பமானவர்கள் உதவிக்கு வரலாம் என்று கீழே எழுதியிருந்தது. அந்த வேலைக்கு அவர்கள் கொடுத்திருந்த பெயர் ‘ஃபூய் டு சோவ்தாஜ்.’

தமிழ்ப் பூசையின் முடிவில் மைக்கில் அறிவித்தல் வாசிப்பது என் வேலை. ஆகவே அதைத் தமிழ் ஆக்குவதும் நான்தான். ‘ஃபூய்’ என்றால் தோண்டுவது, அது தெரியும். ‘சோவ்தாஜ்’ என்றால்? ‘சோவே’ என்றால் காப்பாற்றுவது. பிரெஞ்சுப் பூசையில் யேசுவை ‘சோவர்’ என்பார்கள். அதுதான் எங்களுடைய மீட்பர். எனக்கு அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? சோவ்தாஜ் என்றால் மீட்பு. அடுத்த ஞாயிறு மைக்கில் நிமிர்ந்து நின்று வாசித்தேன்: எங்கள் கோயிலில் மீட்பு அகழாய்வு நடக்கப் போகிறது.

மீட்பு என்ற சொல்லைப் பிறந்ததிலிருந்து செபத்தில் கேட்டு வளர்ந்த சனம் அது. ஒரு சின்னச் சலசலப்பு எழுந்தது. வாசலில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கோயில் தப்பிவிட்டதா? பழைய சாமான் எடுபட்டால் அரசாங்கம் ஒருவரையும் கை வைக்க விடாதாமே? எங்கேயோ ஓரிடத்தில் பழைய சுவர் ஒன்று எடுபட்டு, கட்டட வேலையையே நிற்பாட்டினார்களாம் என்று ஒருவர் சொன்னார். நானும் ஓம், ஓம் என்றேன். எனக்கும் அதைத்தானே நம்ப வேண்டியிருந்தது.

அக்கா முன்வாங்கில் இருந்து முழுவதையும் கேட்டவர். வெளியே வந்து என் தோளைத் தட்டினார். “வடிவான சொல்லு எடுத்திருக்கிறாய், தங்கச்சி,” என்றார்.

அந்த ஒரு வசனத்தை நான் அதற்குப் பிறகு எத்தனையோ தரம் மனதில் போட்டு அரித்திருக்கிறேன்.

அன்றைக்கே நான் ஃபோனைத் தூக்கிக்கொண்டேன். எங்கள் கோயில் ஆட்களின் வைபர் குழுவில் போட்டேன். ஆள் ஆளாக எடுத்துக் கதைத்தேன். டெப்பனரில், அதுதான் மூலைக்கடையில், நாள் முழுக்க நிற்கிற ஒரு தம்பி தன் ஓய்வு நாளைத் தந்தான். இரவு வேலை முடித்து நித்திரையோடு வந்தவர்கள் இருந்தார்கள். முதுகு நோவென்று பெல்ட் கட்டிக்கொண்டு ஒரு அண்ணை வந்தார். குனிய ஏலாது, வாளியாவது தூக்குவேன் என்றார். நான் கூப்பிட்டு ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

தோண்டும் வேலைக்குப் பொறுப்பாக ஒரு கெபெக்வா, அதுதான் இந்த மாகாணத்துப் பிரெஞ்சுக்காரப் பிள்ளை வந்தாள். என் மகள் வயது இருக்கும். வெயிலில் மூக்கு உரிந்து, முழங்காலுக்கு ரப்பர் கட்டி, நாள் முழுக்க மண்ணில் தவழுவாள். தாரை உடைத்துக் கிளறியது மெஷின். அதன் பிறகு எல்லாம் கைதான். மேசன்மாரின் சாந்தகப்பை போன்ற சின்னக் கரண்டியால் அவளும் அவளுடைய ஆட்களும் மண்ணைச் சுரண்டுவார்கள். சுரண்டிய மண்ணை நாங்கள் அரிப்போம், எடுபட்டதைப் பல் தீட்டும் பிரஷால் கழுவி வெயிலில் காயவைப்போம். மண்ணின் நிறம் மாறுகிற இடத்தில் காலமும் மாறுகிறது என்று முதல் நாளே சொல்லித் தந்தாள். தாரின் கீழே சரளை. அதன் கீழே உடைந்த செங்கல். பிறகு கையளவு கறுப்புச் சாம்பல். அதன் கீழேதான் மடம்.

இது வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் என்று நான் ஒரு பெடியனுக்கு விளங்கப்படுத்தினேன். “இப்பவும் அவையின்ர காலம்தானே அன்ரி,” என்றான். நல்லாகத்தான் சிரித்தோம்.

மடத்துக்கு இரண்டு வாசல் இருந்தன. தெருப் பக்கத்து வாசற்கல் கூர் மழுங்காமல் அப்படியே இருந்தது. பின்பக்கத்து வாசற்கல் அம்மி மாதிரி நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது. தானம் கொடுத்தவர்கள் முன்னால் வந்துபோனார்கள், வாங்கினவர்கள் பின்னால் என்று பிள்ளை சொன்னாள். மடப் பொறுப்பாளரின் அறையில் நெருப்பு மூட்டும் அடுப்பு இருந்தது. ஏழைகள் படுத்த நீள அறையில் அப்படி ஒன்றின் அடையாளமும் இல்லை. இந்த ஊர்ப் பனிக்காலத்தில்! நான் வாய்விட்டு ஏசினேன். என்ன சொல்கிறேன் என்று அந்தப் பிள்ளை கேட்டாள். அதைப் பிரெஞ்சில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த நீள அறையில்தான் பொத்தான் பொத்தானாக எடுபட்டது. எலும்பில் செய்த பொத்தான்கள். மடத்தில் இருந்தவர்களைச் சும்மா இருக்க விடவில்லையாம். பழைய உடுப்பைக் கிழித்துத் துண்டாக்கச் சொல்லி, அதற்குத்தான் சூப் கொடுத்திருப்பார்கள் என்பது அவளுடைய யோசனை. கிழிக்கும்போது சிந்திய பொத்தான்கள் பலகை இடுக்கால் விழுந்து, இத்தனை காலம் கிடந்து, என் அரிதட்டுக்கு வந்தன.

கக்கூஸ் குழிதான் பொக்கிசம். உடைந்ததையும் ஒளித்ததையும் சனம் அதற்குள்தான் எறியும் என்றாள். மணம் எப்போதோ போய்விட்டது, வெறும் கறுத்த மண். ஆனாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள் உண்டு. பேன் சீப்பு ஒன்று வந்தது. இரண்டு பக்கமும் நெருக்கப் பல், எங்களுடையதுபோலவே. கோப்பைத் துண்டுகள் வாளி வாளியாக வந்தன. நீலப் பூ, பச்சைக் கரை, வெறும் வெள்ளை. கழுவி அடுக்கிப் பார்த்தால் எதுவும் எதோடும் சேராது. ஆர் ஆரோ வேண்டாம் என்று கொடுத்த கோப்பைகள் அவை. நாங்கள் இந்த நாட்டில் முதல் சோறு போட்டுச் சாப்பிட்டதும் அப்படி ஒன்றுக்கொன்று சேராத கோப்பைகளில்தான், கோயிலில் தந்தவை. அந்தத் துண்டுகளைக் கழுவும்போது எனக்கு அந்தச் சனத்தின்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. அவர்கள் எங்களுக்காக எங்களுக்கு முந்தியே வந்து இந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், இப்போது எழும்பி வந்து கோயிலைக் காப்பாற்றப் போகிறார்கள் என்றுகூட நினைத்தேன். பைத்தியம்தான்.

ஒருநாள் மாதா பதக்கம் ஒன்று எடுபட்டது. நகத்தளவு இருக்கும், தேய்ந்துபோய், தலையில் துளையோடு. பிள்ளை அதைக் கையில் ஏந்திக் காட்டியதுதான் தாமதம், எங்கள் பெண்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள், பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்ய, அதுதான் முத்தமிட, நிற்பதுபோல. அவள் தடுப்பதற்குள் ஒரு அன்ரி குனிந்து முத்தியும் செய்துவிட்டா. “நோ, நோ, மடாம்!” என்று அந்தப் பிள்ளை துள்ளினாள். எச்சில் பட்டால் உலோகம் கெட்டுவிடுமாம். அன்றைக்கு வைபர் குழுவில் ஒரே கொண்டாட்டம். மாதாவே வந்துவிட்டா, இனி ஆர் விற்பான் என்று எழுதினார்கள். அக்கா கைகூப்பும் படம் மூன்று போட்டிருந்தார்.

அக்கா அடிக்கடி வருவார். ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியும் ஒரு பெட்டி ரோல்ஸும் கொண்டு வருவார். மண்ணில் கை வைக்கமாட்டார், முழங்கால் நோ. அந்தப் பிள்ளையிடம் போய், முடிய இன்னும் எவ்வளவு காலம் செல்லும், பனிக்கு முந்தி முடியுமா என்று கேட்பார். எங்களுக்குக் குளிரப்போகிறதே என்ற கரிசனை என்றுதான் நினைத்தேன். நெஞ்சில் அவ்வளவு வெள்ளை எனக்கு.

மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கிய நேரம் ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்தது. குழி முழுக்க வெறும் மஞ்சள் மண். சாமான் பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பிள்ளை சந்தோசமாகத் தொப்பியைக் கழற்றி என்னிடம் வந்து, உங்கள் ஆட்கள் இல்லாவிட்டால் பனிக்கு முந்தி முடித்திருக்கவே ஏலாது என்று நன்றி சொன்னாள். நான் கேட்டேன், அப்போது கோயில் தப்பிவிட்டதுதானே?

அவளுக்கு விளங்கவில்லை. என் பிரெஞ்சு பிழைத்துவிட்டதாக்கும் என்று நினைத்துத் திரும்பவும் கேட்டேன். சோவ்தாஜ், சோவே, எக்ளீஸ் என்று கோயிலைக் கைகாட்டிக் காட்டிச் சொன்னேன். அவளுடைய முகம் மெல்ல மெல்ல மாறியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொறுமையாகச் சொன்னாள், பாவம். சோவ்தாஜ் என்பது இடத்தைக் காப்பாற்றுவது இல்லை. இடம் போகப்போகிறது என்று தெரிந்த பிறகு, அது போவதற்குள் உள்ளே கிடக்கிற சாமான்களைக் காப்பாற்றுவது. விற்கிறவரும் வாங்குகிறவரும் பேசி முடித்தாயிற்று. தோண்டாமல் கட்டக் கூடாது என்பதால் தோண்டினார்கள். இனி அந்த நிலத்தில் எடுக்க ஒன்றும் இல்லை. நிலம் விடுவிக்கப்பட்டாயிற்று என்று ஒரு சொல் சொன்னாள். அது அவர்களுடைய தொழிலில் நல்ல சொல்லாம்.

நான் அரித்த ஒவ்வொரு தட்டு மண்ணும் கோயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொடுத்திருக்கிறது. மாதா வந்து காப்பாற்றவில்லை. மாதாவையும் எடுத்து வானில் ஏற்றி அனுப்பியாயிற்று.

“உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்,” என்றாள். தொடக்கத்தில் நடந்த கூட்டத்தில் இதெல்லாம் விளக்கமாகச் சொல்லப்பட்டதாம். உங்கள் சமூகத்தின் ஆள் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார், தேநீர் கொண்டு வருவாரே, உங்கள் சிநேகிதி என்றாள்.

கூட இருந்து குழி பறிப்பது என்று எங்கள் ஆட்கள் வாய்க்கு வாய் சொல்வார்கள். என் விசயத்தில் பறித்த ஆளுக்கு அந்தச் சிரமமும் இல்லை. நானே ஆட்களைக் கூட்டிவந்து பறித்துக் கொடுத்தேன், அவர் கரையில் நின்று தேத்தண்ணி ஊற்றினார்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். சப்பாத்து நிறைய அந்தக் குழியின் மண். கதவைத் திறந்தவர், “வா வா, சாப்பிட்டனியே?” என்றார். வீட்டு நடைவழியெல்லாம் பெட்டி கட்டி அடுக்கியிருந்தது. நகரத்துக்கு வெளியே, ஆற்றுக்கு அப்பால் லவாலில் அவருடைய மகன் வீடு வாங்கியிருந்தான், அங்கே போகப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். வீடு புகுந்த அன்று பலகாரம் சுட்டுக்கொடுத்ததே நான்தான்.

“அக்கா, கோயிலை வித்தாச்சாம்,” என்றேன்.

“உனக்கு ஆர் சொன்னது?”

ஐயோ, உண்மையோ என்று அவர் கேட்டிருக்கலாம். நடித்தாவது இருக்கலாம். நான் அதற்கும் இடம் கொடுத்துத்தான் கதையைத் தொடங்கினேன்.

“எப்ப தொடக்கம் உங்களுக்குத் தெரியும்?”

“தவக்காலத்திலயே தெரியும், அறிவித்தல் ஒட்ட முந்தியே. சுவாமி ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டு எங்களிட்டச் சத்தியம் வாங்கினவர்.”

“எனக்குமோ?”

“உனக்குத்தான் முக்கியமாச் சொல்லக் கூடாது. உனக்குச் சொன்னால் நீ ஊரைக் கூட்டுவாய். ரிவி நியூஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வருவாய். பேந்து வாங்கிறவனும் ஓடிப்போவான். எங்களுக்கு வேற இடம் தாறம் எண்டவையும் கையை விரிச்சுப்போடுவினம்.”

“வேற இடமோ? எங்க?”

அவர் ஒரு பெட்டியின் மூடியை அமத்தி அமத்தி மூடினார். “லவால்ல. நல்ல கோயில். கார் விடப் பெரிய இடம். மகன்ர வீட்டில இருந்து நடந்தே போகலாம்.”

அடுக்கியிருந்த பெட்டிகளை ஒருதரம் பார்த்தேன். பிறகு கேட்டேன், “லவால் எண்டு ஆர் அக்கா தெரிஞ்செடுத்தது?”

“சபைதான்.”

“சபையில தமிழ் ஆள் நீங்கள் ஒராள்தானே.”

அவர் அடுத்த பெட்டியை இழுத்தார். “உனக்கென்ன கவலை, ஞாயிறு ஞாயிறு மகன் வந்து உன்னை ஏத்துவான். அவனுக்குச் சொல்லிப்போட்டன்,” என்றார். எனக்கு ஏற்பாடும் செய்து முடித்திருக்கிறார். இனி நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அவருடைய மகன் வருவானா மாட்டானா என்று ஜன்னலில் நின்று பார்க்க வேண்டும்.

“நான் மைக்கில மீட்பு எண்டு வாசிக்கேக்க நீங்கள் முன்வாங்கில இருந்தனீங்கள். பிழை எண்டு தெரிஞ்சும் வடிவான சொல்லு எண்டு சொன்னனீங்கள். இவ்வளவு சனத்தையும் ஏன் மண் அரிக்க விட்டனீங்கள்?”

அப்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லைத் தங்கச்சி. நீதானே கூப்பிட்டனீ.”

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பொய்யாக இருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது. அவர் அந்தக் கோடை முழுக்க என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என் பிழையை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து பாவித்தார். அவ்வளவுதான்.

அவருடைய தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். இத்தனை வருசத்தில் அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு சுவாமியார் பிரெஞ்சில் அறிவித்தார். நான் தமிழில் வாசிக்க மாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டேன். அக்கா எழுந்துபோய் வாசித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். சனமும் சேர்ந்து அழுதது. அந்தக் கண்ணீர் முழுக்க நடிப்பு என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் கவலை இருந்திருக்கும். அதற்காக என் கோபம் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

வாசலில் சனம் அக்காவிடம் போகவில்லை. என்னிடம் வந்தது.

“நீங்களெல்லோ சொன்னனீங்கள் கோயிலை மீட்கிறாங்கள் எண்டு?” என்றார் முதுகில் பெல்ட் கட்டியிருந்த அண்ணை. கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணை. நானும் உங்களைப்போலத்தான் ஏமாந்தனான். அக்காவுக்குத்தான் எல்லாம் தெரியும்.”

“அக்காவுக்குத் தெரிஞ்சால் உங்களுக்குத் தெரியாதோ? நீங்கள் ரெண்டு பேரும் நகமும் சதையுமெல்லோ.”

அவர் போய்விட்டார். நகமும் சதையும்தான். ஊர் முழுக்க அதைப் பார்த்திருக்கிறது, நானே பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். அந்தச் சிநேகிதம்தான் இப்போது எனக்கு எதிரான சாட்சி. எனக்கு ஏதோ கிடைத்திருக்கிறது என்றுகூடக் கதை வந்தது. டெப்பனர்த் தம்பி என்னைக் கண்டால் ஃபோனைப் பார்க்கத் தொடங்குவான். வைபர் குழுவில் நான் நீளமாக ஒரு விளக்கம் எழுதினேன். எல்லாரும் பார்த்தார்கள் என்று காட்டியது. ஒருவரும் பதில் போடவில்லை.

கடைசிப் பூசை முதல் பனி விழுந்த ஞாயிறு நடந்தது. நான் வழமையான வாங்கில் போய் இருந்தேன். பூசை தொடங்கும் நேரம் அக்கா வந்து, வழமைபோல என் பக்கத்தில் அமர்ந்தார். எழும்பி வேறு இடம் போயிருக்கலாம். என் கணவரின் பெட்டி போன பாதையைப் பார்த்தபடி இருக்கும் அந்த வாங்கைக் கடைசி நாளில் ஏன் நான் விட வேண்டும்?

ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும் நேரம் வந்தது. அக்கா என் பக்கம் திரும்பிக் கைகூப்பி, “சமாதானம் தங்கச்சி,” என்றார். முகத்தில் அவ்வளவு சாந்தம். மன்னிப்புக் கேட்கவில்லை, நேரே சமாதானம். நான் கைகூப்பவில்லை. பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வரிசை வாங்கில் இருந்தவர்கள் திரும்பி அதைப் பார்த்தார்கள்.

பிறகு நன்மை கொடுக்கும் நேரம். சுவாமியார் கொடுக்கும் அப்பத்தை நாங்கள் நன்மை என்போம். மனதில் கோபத்தை வைத்துக்கொண்டு நன்மை எடுக்கக் கூடாது என்று முதல்நன்மை வகுப்பிலேயே படித்தது எங்களில் ஒருவருக்கும் மறக்காது. வாங்கை விட்டு எழும்பாமல் இருக்கிற ஆளைச் சனம் உடனே கவனிக்கும். பெரிய பாவம் ஏதோ செய்த ஆள், சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாத ஆள் என்று அர்த்தம். சின்ன வயதில் நானும் அப்படி ஆட்களை எண்ணிப் பார்த்தவள்தான்.

வரிசை நகர்ந்தது. பிள்ளைகள், கிழவர்கள், நான் ஃபோன் போட்டுக் கூப்பிட்ட ஒவ்வொருவரும் போனார்கள். அக்கா எழும்பி, முக்காட்டைச் சரிசெய்து, தலை குனிந்து போனார். எனக்குப் போகத்தான் ஆசை. இந்தப் பீடத்தில் இனி ஒருநாளும் எடுக்க முடியாது என்று தெரியும். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பெண்ணை நான் மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று பொய் சொல்லிப் போய் வாய் திறக்க எனக்கு ஏலாது. அப்படியே இருந்துவிட்டேன். முழு வாங்கிலும் நான் ஒருத்தி.

அக்கா கண்ணை மூடியபடி, கைகூப்பியபடி, வாயில் நன்மையோடு திரும்பி வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டார். பின்வாங்கில் ஒரு தாய் தன் மகளுக்குக் காதுக்குள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“பாத்தியே, மனச்சாட்சி குத்துது.”

அவ சொன்னது என்னைத்தான்.